நீர்மூழ்கியில் இடம் யாருக்கு?

யுத்தக் கருவிகளுள் நீர்மூழ்கிக் கப்பலைப் போல் ஜனங்களின் சாபத்தை ஏற்றது வேறொன்று உண்டோ என்பது சந்தேகமே. எதிரே வந்து நின்று பொருதுவது அதற்கு வழக்கமில்லை. நீருக்குள் மறைந்து கிடந்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி, கப்பலின் அடிவயிற்றைப் பிளப்பதற்கென்றே அது பிறந்தது. இரண்டு மகா யுத்தங்களிலும் அதற்கு இரையான மாலுமிகளும் பிரயாணிகளும் பல்லாயிரவர். அத்தகைய கருவியே 1943, 1944-ம் வருஷங்களில் பிலிப்பைன் தீவுகளின் கரையோரங்களில் இருளில் எழுந்து வந்து, பெண்டிரையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் தன் வயிற்றில் தாங்கி, எதிரியின் கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவில் இறக்கிவிட்டது. சரித்திரத்தில் இது ஒரு சிறு செய்தியாகவே நிற்கிறது. ஆயினும், யுத்த காலத்தில் அபலைகளுக்கு ராஜாங்கம் செய்ய வேண்டிய கடமை எது, அக்கடமை யார் வரையில் செல்லும் என்னும் கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. ஆதலால் அதனை நேயர்கள் முன் வைக்கத் துணிகிறோம்.

1941-ம் வருஷம் டிசம்பர் மாதம் 8-ந் தேதி ஜப்பானியர் பிலிப்பைன் தீவுகளைத் தாக்கினர். அத்தீவுகள் அப்பொழுது அமெரிக்கக் கொடியின் கீழ் இருந்தன. 1942 ஏப்ரல் 9-ந் தேதி பட்டான் சேனை சரணடைந்தது. மே 6-ந் தேதி கொரெஹிடார் கோட்டை வீழ்ந்தது. மணிலா நகரில் அகப்பட்ட அமெரிக்கப் பொதுஜனங்கள் சாண்டோ டோமாஸ் சர்வகலாசாலைக் கட்டிடத்தில் அடைக்கப்பட்டனர். தெற்கேயுள்ள பனாய், நீக்ரோஸ் முதலிய தீவுகளிலிருந்த உபாத்தியாயர்கள், பாதிரிமார், வைத்தியர்கள், தோட்ட முதலாளிகள் ஆகியோரில் பலர் சிறை புக மனமின்றி மலைகளிலும் காடுகளிலும் ஒளிந்தனர். இரண்டு வருஷ காலம் அவர்களுக்கு வீடு குடிசை, மருந்து பச்சிலை, பாதுகாப்பு அண்டை அயலாரின் வாய்க்கட்டு.

அவ்வாழ்வு எவ்வளவு நிலையற்றதென்பது 1943 டிசம்பரில் வெளிப்பட்டது. பனாய்த் தீவின் உட்பகுதியில் ‘ஹோப்வேல்’ என்று தாங்களே பெயரிட்ட ஒரு காட்டுப் பள்ளத்தாக்கில், மரநிழலில் ஜெபாலயம் அமைத்துக்கொண்டு, 11 அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிமார் வசித்து வந்தனர். ஜப்பானியப் படை அவர்களைக் கண்டுபிடித்து, அம்மாதம் 20-ந் தேதி வாளுக்கிரையாக்கியது. அவர்கள் ஆயுதம் தாங்கியவரல்லர். பிள்ளைகளுக்குப் பாடமும் பிணியாளருக்கு மருந்தும் அளித்து வந்தவர்கள். இச்சம்பவத்திற்குப் பின், மலைகளில் எஞ்சியிருந்தோரை அப்புறப்படுத்தியே தீர வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

எதைக் கொண்டு அப்புறப்படுத்துவது? வானமும் கடலின் மேற்பரப்பும் ஜப்பானியர் வசம் இருந்தன. எஞ்சிய வழி கடலின் அடிவழியே. ஆஸ்திரேலியாவிலிருந்து கொரில்லாப் படைகளுக்குத் துப்பாக்கி, ரவை, மருந்து, கம்பியில்லாத் தந்திக் கருவி ஆகியவற்றைக் கொண்டுவந்த நீர்மூழ்கிகள் திரும்பும்போது ஆட்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு முன்னமே தொடங்கியிருந்தது. 1943 நவம்பரில் ‘நார்வால்’ என்னும் பெரிய நீர்மூழ்கி மிண்டனாவோ தீவிலிருந்து கைக்குழந்தை உட்பட 32 பேரை ஏற்றிச் சென்றது. 1944 மார்ச் 20-ந் தேதி ‘ஆங்க்ளர்’ பனாய்த் தீவின் வடகரையை அடைந்தபோது, அங்கே ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாக 58 பேர் காத்து நின்றனர். அவ்வளவு பேரையும் அது ஏற்றிக்கொண்டது. மே மாதம் 11-ந் தேதி ‘கிரெவல்லி’ நீக்ரோஸ் கரையில் சுமார் 40 பேரை ஏற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும்.

இக்கப்பல்களின் உள்ளமைப்பை அறியாதார்க்கு இச்செயலின் அருமை விளங்காது. ‘ஆங்க்ளர்’, ‘கிரெவல்லி’ ஆகியவை சுமார் 312 அடி நீளமுள்ளவை. அந்நீளத்திற்குள் நான்கு டீசல் இயந்திரங்கள், இரண்டு பெரிய மின்கல வரிசைகள், பத்து டார்ப்பிடோக் குழல்கள், அவற்றிற்கான டார்ப்பிடோக்கள், எண்பது மாலுமிகள், அவர்கள் உண்ணப் பல வாரத்து உணவு ஆகிய யாவும் அடங்க வேண்டும். மாலுமிகளில் சிலர் டார்ப்பிடோக்களுக்கு மேலும் கீழும் தொங்கும் படுக்கைகளில்தான் உறங்குவர். நீரின் மேல் மணிக்கு இருபது கடல்மைல் ஓடும் கப்பல், நீருக்குள் மின்கலங்களின் பலத்தால் அதில் பாதி வேகமும் செல்லாது. மின்கலத்தை நிரப்பவும் காற்றை மாற்றவும் இரவில் மேலே எழுந்தாக வேண்டும். பகல் முழுவதும் உள்ளே அடைபட்ட காற்றையே அனைவரும் சுவாசிக்க வேண்டும். ஆள் கூடக் கூட அக்காற்றின் நச்சுத்தன்மையும் கூடும். நன்னீரும் அளவே. எண்பது பேருக்கென்று செய்த கூட்டில் ஐம்பது அறுபது பேரைக் கூடுதலாக ஏற்றுவதென்றால், அது மாலுமிகள் தங்கள் சுவாசத்தையே பகிர்ந்து கொடுப்பதாகும். மலைவாழ்வில் சொறியும் புண்ணும் பேனும் பற்றி, எலும்புந் தோலுமாக வந்த அந்த ஜனங்களுக்கு அவர்கள் படுக்கையை விட்டுக்கொடுத்தார்கள். உணவை அளந்து பங்கிட்டார்கள்.

‘கிரெவல்லி’யின் பிரயாணத்தில் ஆபத்து நேரிலேயே வந்தது. மே 14-ந் தேதி ஜப்பானியக் காவற்கப்பல் அதைக் கண்டு வெடிபீப்பாய்களை வீசியது. நீரின் ஆழத்தில் வெடிக்கும் ஒவ்வொன்றும் கப்பலின் எலும்பை நொறுக்குவது போல் உலுக்கும், விளக்குகள் உடையும், குழாய்கள் கசியும். இயந்திரங்களை நிறுத்தி, மூச்சுவிடும் ஓசையையும் அடக்கி, எதிரியின் செவியிலிருந்து ஒளிவதே பிழைக்கும் வழி. அவ்வேளையில் குழந்தைகளும் தாய்மாரும் உள்ளே இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கப்பல் சேதமுற்றும் தப்பியது. மே 19-ந் தேதி டார்வின் துறைமுகத்தில் அனைவரும் உயிருடன் இறங்கினர். இதன் தலைவர் பிராங்க் வாக்கரும் அவருடைய மாலுமிகளும் செய்த காரியத்தைப் போற்றுவதில் நாம் எவருக்கும் பின்னிற்கப் போவதில்லை.

ஆயின் கதை அவ்வளவோடு முடிந்துவிடவில்லை. இரண்டு வருஷ காலம் அந்த அகதிகளை உயிரோடு வைத்திருந்தவர் யார்? தங்கள் அரிசியைப் பங்கிட்டவர், படை வரும் செய்தியை ஓடிவந்து சொன்னவர், பிள்ளைகளைத் தோளில் சுமந்து மலையைத் தாண்டியவர், கரையில் காவல் நின்று படகு தள்ளியவர் யார்? பிலிப்பைன் குடியானவர்களே. கொரில்லாச் சேனைகளுக்குப் பனாய்த் தீவில் மக்காரியோ பெரால்டாவும், நீக்ரோஸ் தீவில் சால்வடோர் அப்சேடேயும் தலைமை தாங்கினர். இருவரும் அந்நாட்டுப் புதல்வர்கள். அகதிகள் ஏறிய பின் நீர்மூழ்கி மூழ்கியது. கரையில் நின்றவர்கள் மீண்டும் தங்கள் குடிசைகளுக்குத் திரும்பினர். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தவை தேடுதல் வேட்டையும், கிராமங்களுக்கு இட்ட தீயுமே.

‘கிரெவல்லி’ அன்று மனிதரோடு ஒரு பொக்கிஷத்தையும் ஏற்றிச் சென்றது. அவ்வருஷம் மார்ச் மாத இறுதியில் ஜப்பானியக் கடற்படையின் பிரதம சேனாபதி கோகா ஆகாய விமானத்தில் செல்கையில் மாண்டார். அவருடன் புறப்பட்ட மற்றொரு விமானம் செபுத் தீவின் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த தளகர்த்தர் புக்குடோமே பிடிபட்டார். அவரோடு வந்த ரகசிய யுத்தத் திட்டம் கிராமவாசிகளின் கையில் அகப்பட்டுக் கொரில்லாக்களிடம் சேர்ந்தது. அத்தாள்களே ‘கிரெவல்லி’யில் சென்றவை. ஆனால் அதற்கு முன் நடந்ததே நாம் குறிக்க விரும்புவது. தங்கள் தளகர்த்தரை மீட்க ஜப்பானியர் செபுவின் கிராமங்களைக் கொளுத்தி ஜனங்களைக் கொல்லத் தொடங்கினர். அங்கே கொரில்லாத் தலைவராயிருந்த ஜேம்ஸ் குஷிங் என்னும் அமெரிக்கச் சுரங்க எஞ்சினீயர், கொலையை நிறுத்தினால் கைதிகளை விடுவதாகப் பேசி, அவர்களை விடுவித்துவிட்டார். மேலதிகாரிகள் அதற்காகச் சினந்தனர். நாமோ அச்செயலில் குற்றம் காணவில்லை. ஒரு சேனாபதியின் விலை எவ்வளவாயினும், ஒரு கிராமத்துக் குடிகளின் உயிர் அதற்குக் குறைந்ததன்று என்று அவர் கருதினார். அன்னிய நாட்டின் ஏழைக் குடிகளைத் தன்னவர் என்று எண்ணிய அந்த எண்ணம், நீர்மூழ்கியின் வீரத்திற்குச் சற்றும் இளைத்ததன்று.

நீர்மூழ்கியில் பிலிப்பைன் ஜனங்கள் அனைவருக்கும் இடமளித்திருக்க முடியுமா என்று கேட்பாருண்டு. முடியாது. ஒரு தேசத்தை ஒரு கப்பலில் ஏற்ற எவராலும் ஆகாது. அந்தப் பாகுபாட்டிற்காக மாலுமிகளைக் குறை கூறுவது நேர்மையுமன்று. ஆனால் கடலில் இடமில்லை என்பது ஒரு நியாயம்; சட்டத்தில் இடமில்லை என்பது என்ன நியாயம்? பிலிப்பைன் சிப்பாய்களும் அங்கீகரிக்கப்பட்ட கொரில்லாக்களும் அமெரிக்க சேனையின் கட்டளையின் கீழ் நின்று போரிட்டனர். அமெரிக்கப் போர்வீரர்க்குரிய சலுகைகள் தங்களுக்கும் உண்டு என்ற நம்பிக்கையோடு போரிட்டனர். யுத்தம் முடிந்து ஆறு மாதம் ஆவதற்குள், 1946 பிப்ரவரியில், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் அவர்களது சேவையில் பெரும்பகுதியைச் சலுகைகளின் பொருட்டு ‘சேவையாகக் கருதப்படாது’ என்று அடித்துவிட்டது. ஜனாதிபதி ட்ரூமன் அதில் கையொப்பமிட்டார். 2009-ம் வருஷத்தில்தான், உயிரோடு எஞ்சிய கிழவர்களுக்கு ஒரே தடவையில் ஒரு தொகை கொடுப்பதென்று தீர்மானமாயிற்று: அமெரிக்கப் பிரஜையாகிவிட்டவருக்கு 15,000 டாலர், ஆகாதவருக்கு 9,000 டாலர். அறுபத்து மூன்று வருஷங்களுக்குப் பின் வந்த அந்த நீதியிலும், பிரஜையுரிமைச் சீட்டைப் பார்த்தே தராசு பிடிக்கப்பட்டது. ஓடம் ஏறிக் கரை கண்டபின் ஓடக்காரனை யாரென்று கேட்பது இதுவன்றோ?

அமெரிக்கரைக் கூறி ஆங்கிலேயரை விடுவது முறையாகாது. இவ்விஷயத்தில் நம்மவருக்கும் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. 1941 டிசம்பரில் பினாங்குத் தீவின்மேல் ஜப்பானியக் குண்டுகள் வீழ்ந்தபோது, பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியப் பெண்டிரையும் குழந்தைகளையும், பின்னர் எஞ்சிய ஐரோப்பியரையும் இரவோடிரவாகக் கப்பலேற்றி அனுப்பினர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் விடிந்தபின்பே தாங்கள் கைவிடப்பட்டதை அறிந்தனர். அங்கே நீர்மூழ்கி இல்லை. இடநெருக்கடி என்ற சாக்கும் முழுமையாகச் செல்லாது. இடம் தோலின் நிறத்தால் அளக்கப்பட்டது. அந்நகரின் கோட்டைக் கம்பத்தில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர், ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த எம். சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். ஆட்சி ஓடிய ஊரில் ஜனங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒரு பத்திரிகாசிரியர் கைக்கு வந்து சேர்ந்தது. ‘உங்களைக் காப்பதற்கே நாங்கள் ஆள்கிறோம்’ என்று நூறு வருஷத்திற்கு மேலாகச் சொல்லி வந்த சாம்ராஜ்யத்தின் வாக்கு, அந்த ஒரே இரவில் காற்றாய்ப் பறந்தது.

இனி, எதிரியின் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1943 செப்டம்பரில் மிண்டனாவோவிலிருந்து ஒன்பது பேரை மீட்டுச் சென்ற நீர்மூழ்கிகளுள் ‘போஃபின்’ என்பதும் ஒன்று. அதே ‘போஃபின்’ 1944 ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி இரவு ‘ட்சுஷிமா மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலை டார்ப்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. அக்கப்பலில் இருந்தவர்கள், யுத்தம் நெருங்குகிறதென்று ஒக்கினாவாத் தீவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகளும் பிற ஜனங்களும். மாண்டவர் 1,400 பேருக்கு மேல். அவர்களில் 700-க்கு மேற்பட்டோர் பள்ளிச் சிறுவர் சிறுமியர். கப்பலில் குழந்தைகள் இருப்பது ‘போஃபின்’ மாலுமிகளுக்குத் தெரியாது. அபயக் குறி எதுவும் அக்கப்பலில் இல்லை. போர்க்கப்பல்களின் காவலோடு அது சென்றது. ஜப்பானிய சர்க்காரோ, மாண்ட செய்தியையே வெளியில் பேசலாகாதென்று தப்பியவர்களின் வாயை அடைத்தது. மே மாதத்தில் ஒரு நீர்மூழ்கிக்குள் பிழைத்த குழந்தைக்கும், ஆகஸ்டு மாதத்தில் மற்றொரு நீர்மூழ்கியால் மாண்ட குழந்தைக்கும் வித்தியாசம் என்ன? ஒன்றைப் பற்றி முன்கூட்டிச் செய்தி அனுப்பினார்கள். மற்றொன்றைப் பற்றி எவரும் எவருக்கும் சொல்லவில்லை. இதைவிட வேறு வித்தியாசத்தை நாம் காணோம்.

இங்கேதான் சட்டத்தின் வேலை தொடங்குகிறது. 1936-ம் வருஷத்து லண்டன் உடன்படிக்கை, வர்த்தகக் கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலுள்ளோரைப் பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டுமென்றும், நடுக்கடலில் சிறு படகில் இறக்கிவிடுவது மட்டும் பத்திரமாகாதென்றும், நீர்மூழ்கிகளும் இவ்விதிக்குட்பட்டவையே என்றும் விதித்தது. யுத்தம் வந்தது; விதி காகிதத்தில் நின்றது. 1942 செப்டம்பரில் ‘லக்கோனியா’ என்னும் பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவர் ஹார்ட்டன்ஸ்டைன், நீரில் தத்தளித்த பெண்டிரையும் கைதிகளையும் மீட்கத் தொடங்கி, யாவரும் உதவிக்கு வரலாம் என்று வெளிப்படையாகச் செய்தி அனுப்பினார். செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்த அந்நீர்மூழ்கியை ஓர் அமெரிக்க விமானம் குண்டு வீசித் தாக்கியது. உடனே ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ், இனி எவரையும் மீட்கலாகாதென்று கட்டளையிட்டார். 1946-ல் நியூரம்பெர்க் நியாயஸ்தலம் அவரை விசாரித்தபோது, பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் அதே வகையான நீர்மூழ்கி யுத்தத்தையே நடத்தினர் என்பதைக் கருதி, அவ்விதிமீறலுக்காக அவரது தண்டனையை நிர்ணயிக்கவில்லை. எல்லாரும் மீறிய விதிக்கு ஒருவரைத் தண்டிப்பது கடினம் என்பது இதன் தாத்பரியம். 1949-ம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கை, முற்றுகையிடப்பட்ட இடங்களிலிருந்து நோயாளிகள், வயோதிகர்கள், குழந்தைகள், பிரசவ ஸ்திரீகள் ஆகியோரை அப்புறப்படுத்த எதிரெதிர்ப் பக்கத்தார் தங்களுக்குள் ஏற்பாடு செய்ய முயல வேண்டுமென்கிறது. ‘முயல வேண்டும்’ என்ற அச்சொல்லில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறதென்பதைச் சட்டம் பயின்றோர் உடனே காண்பர். முயற்சி செய்தோம் என்று சொல்லித் தப்பாத ராஜாங்கம் எது?

‘தன் பிரஜையை முதலில் காப்பதே ராஜாங்கத்தின் தர்மம், ஊரார் பிள்ளைகளை எல்லாம் யார் ஏற்றுவது?’ என்று ஒரு சாரார் வாதிப்பர். இவ்வாதத்தில் பாதி உண்மையுண்டு. தன் மக்களைக் கைவிட்டு உலகத்தைக் காப்பதாகச் சொல்பவனை எவரும் நம்பார். ஆனால் முதலில் என்பதற்கு மட்டும் என்பது பொருளன்று. தன் ஜனங்கள் ஏறிய பின் இடமிருந்தால், அடுத்தவனை ஏற்றாதிருப்பதற்கு என்ன சமாதானம்? தன் ஜனங்களை இத்தனை நாள் காத்துக் கொடுத்தவனை அச்சத்தின் வாயில் விட்டு வருவதற்கு என்ன சமாதானம்?

இவ்விஷயத்தில் சுதந்திர இந்தியா செய்து காட்டியதை நாம் பெருமையுடன் கூறலாம். 1990-ல் குவைத்திலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரை நம் சர்க்கார் ஆகாய மார்க்கமாக மீட்டது. 2015-ல் ஏமன் நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, நமது கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் 4,600-க்கு மேற்பட்ட இந்தியரோடு, நாற்பதுக்கு மேற்பட்ட தேசங்களைச் சேர்ந்த 960 அன்னியரையும் ஏற்றி வந்தன. அன்று ஏடன் துறைமுகத்தில் நம் மாலுமிகள் தோலின் நிறத்தைப் பார்த்திருந்தால், பினாங்கின் பாவத்தில் நாமும் பங்காளிகளாகியிருப்போம். அவர்கள் பார்க்கவில்லை.

ஆயினும் மாலுமிகளின் நல்ல மனம் ஒன்றையே நம்பியிருப்பது போதாது. நல்ல மனம் அதிகாரிக்கு அதிகாரி மாறும். எழுதிய விதி மாறாது. ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, யுத்த பூமியிலிருந்து ஜனங்களை மீட்கும் கப்பலில் இடம் அளிக்கும் முறையை நம் சர்க்கார் பகிரங்கமான விதியாக எழுதி வைக்க வேண்டும். குழந்தை, நோயாளி, வயோதிகர் என்ற வரிசை அதில் நிற்க வேண்டும். மிஞ்சிய இடம் எந்த தேசத்தாருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, அகதிகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் பிரயாணத்தை எதிரெதிர்ப் பக்கத்தாருக்கு முன்கூட்டி அறிவித்து அபயம் பெறுவதைச் சர்வதேசச் சட்டம் ‘முயற்சி’யாக விடாமல் கடமையாக்க வேண்டும், அதற்காக நம் பிரதிநிதிகள் உலக சபைகளில் வாதாட வேண்டும். மூன்றாவது, அன்னிய மண்ணில் நம்மவரைக் காத்தவர்களின் கடன், கப்பல் புறப்பட்டதோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதை ராஜாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்பது பேருக்கான நீர்மூழ்கியில் ஐம்பத்தெட்டுப் பேருக்குக் கூடுதலாக இடம் கிடைத்தது. இரும்பு விரிந்ததனால் அவ்விடம் உண்டாகவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஒதுங்கிக் கொண்டதனால் உண்டாயிற்று. மாலுமிகள் அன்று ஒதுங்கியது போல் ராஜாங்கங்கள் ஒதுங்கக் கற்குமாயின், கரையில் கைவிடப்பட்டு நிற்கும் ஜனங்களின் தொகை உலகில் பெரிதும் குறையும். அதைக் கற்பிக்கும் பொறுப்பு, கரையில் நிற்பதன் கசப்பை அனுபவித்தறிந்த நம்மைப் போன்ற தேசங்களுக்கே முதலில் உரியது.